குளியலறை வேலைக்கு ஆள் பார்க்கும் மகளுக்கு

உறையூர், திருச்சி.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய மூன்று மதிப்பீடுகளையும் அப்பாவும் நானும் இரண்டு முறை படித்துப் பார்த்தோம். 1,40,000 ரூபாய் கேட்டவரின் தாளில் ‘பாத்ரூம் வேலை முழுவதும்’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அவரைவிட 50,000 கூடுதலாகக் கேட்டவரோ பழைய டைல்ஸை உடைப்பது, இடிபாடுகளை அப்புறப்படுத்துவது, குழாய் வேலை, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ் ஒட்டுவது என்று தனித்தனியாக எழுதி, எதற்கு எந்தப் பொருள் என்பதையும் குறித்திருக்கிறார். முதலாமவர் மலிவு என்கிறாய். அவர் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரியாத வரையில், அது மலிவுதானா என்பதை எப்படிச் சொல்வது?

2011இல் நம் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்தபோது நாங்கள் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். தெரிந்தவர் சொன்னார் என்பதற்காகவே ஒருவரை அமர்த்தி, பொருள் விலை ஏறப் போகிறது என்ற அவர் பேச்சை நம்பி, முதல் வாரத்திலேயே முக்கால் பங்குப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். டைல்ஸ் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் தரையின் வாட்டம் வடிகால் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டதால், யார் குளித்துவிட்டு வந்தாலும் நிலைப்படி ஓரம் தேங்கும் தண்ணீரை வைப்பரால் தள்ளிவிடுவது இன்றுவரை என் வேலையாக இருக்கிறது. மிச்சப் பணம் சொற்பம் என்பதால் அதற்காக அவர் திரும்பி வரவே இல்லை.

நம்முடையது தரைத்தளம்; தொல்லை நம்மோடு போயிற்று. நீ இரண்டாம் மாடியில் இருக்கிறாய். உங்களுடையதைப் போன்ற பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் குளியலறைத் தளத்தை ஓரடி அளவுக்குத் தாழ்வாகப் போட்டு, குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் துண்டுகளால் நிரப்பியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்துவிட்டுத்தான் கீழ்வீட்டுக் கூரையில் ஓதமாகத் தெரியும். அதற்குள் பணம் வாங்கியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ஆகையால் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, மூடுவதற்கு முன் உனக்குக் காட்டச் சம்மதிக்கிறாரா என்பதையே நீ முதலில் பார்க்க வேண்டும். சுவருக்குள் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன் பிரஷர் பம்பு வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓரடியாவது, ஷவர் இருக்கும் பக்கம் ஆளுயரத்துக்கும், ஏற்ற வேண்டும். அது காய்ந்த பிறகு வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கு ‘எதுக்கும்மா நேரத்த வீணாக்கறீங்க’ என்று சொல்பவர் வேண்டாம். உன் அப்பா சந்தேகப் பிராணிதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம்.

ஒப்பந்தக்காரர் முன்பு செய்த வேலையைப் பார்க்கப் போனால், போன மாதம் முடித்ததைப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. புதுக் குளியலறை யார் கட்டினாலும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு முன் முடித்த வீடு ஒன்றைக் காட்டச் சொல். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றி அது எங்கே போகிறது என்று கவனி. எட்டடி நீளத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலச் சரிவு இருந்தால் தானாக ஓடிவிடும். ஐந்து ரூபாய் நாணயத்தால் டைல்ஸின் மூலைகளைத் தட்டிப் பார். அடியில் கலவை நிரம்பாத இடத்தில் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். ஒப்பந்தக்காரர் பக்கத்தில் இல்லாதபோதுதான் வீட்டுக்காரர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்பதால், அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசு.

கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீசியன் மூவரையும் நீயே தனித்தனியாக அமர்த்தாதே; ஒழுகினால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். பணத்தை வேலையின் படிக்கட்டுப்படி கொடு: தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு, தண்ணீர் கட்டிப் பார்த்த பின் ஒரு பங்கு, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பத்தில் ஒரு பங்கையாவது குளிக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகும் வரை நிறுத்தி வை. நியாயமானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கீசரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய், சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசியாக இருக்கட்டும், அதன்மேல் ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர எண்ணை அச்சிட்டிருக்கிறதா என்று நீயே படித்துப் பார். தரைக்கு வழுக்காத டைல்ஸ் போதும். நான் வந்தால் தங்க வேண்டுமே.

இன்னொன்று. உடைக்கத் தொடங்குவதற்கு முன் கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் குளியலறைக் கூரையை அவர் முன்னிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள். பழைய கறை எது, புதுக் கசிவு எது என்ற வழக்கு பிறகு வராது. போகும்போது வெறுங்கையோடு போகாதே. போன வாரம் அனுப்பிய முறுக்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா