பனி போன பிறகு வந்த அனுமதி

படப்பிடிப்பு அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் கோப்பு எந்தெந்த மேசையில் எவ்வளவு நாள் தூங்கியது என்பதை எங்களைவிடத் தாங்களே நன்கு அறிவீர்கள். ஜனவரியில் ஊட்டி அருகே தலைக்குந்தா புல்வெளியில் படம் பிடிக்க நவம்பரிலேயே விண்ணப்பித்தோம். அனுமதி மார்ச் மாதம் வந்தது. நன்றி. உறைபனிதான் காத்திருக்கவில்லை.

எங்களுடையது வேற்றுக்கிரகவாசிகள் வந்துபோகும் கதை. அவர்கள் ஒரு காட்சியிலும் முகம் காட்டமாட்டார்கள். வேடம் கட்டவோ கணினி வரைகலைக்கோ எங்களிடம் பணம் இல்லை. வந்ததற்கு அடையாளம், பனியில் வெளுத்த புல்வெளியின் நடுவே ஒரு பச்சை வட்டம். தேயிலைக் கன்றுகளைப் பனி கருக்காமல் இலைதழை போட்டு மூடுகிறார்களே, அதே வழிதான். மாலையில் வட்டமாக வெட்டிய தார்ப்பாயை விரித்து, விடியலில் எடுத்தால் அடியில் புல் பச்சையாகவே இருக்கும். மொத்தச் செலவு ஒரு தார்ப்பாய். ஆனால் மேகமும் காற்றும் இல்லாத இரவு வேண்டும். வெயில் ஏறுவதற்குள் எடுத்து முடிக்கவும் வேண்டும். மார்ச்சில் இதற்கு எங்கே போவது?

இதைச் சொன்னபோது தங்கள் அலுவலகத்தில் ஒருவர், "உப்பைத் தூவி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். புல்லுக்குச் சேதம் கூடாது என்பது அதே அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனை. இன்னொருவர் வேறு ஊருக்குப் போகச் சொன்னார். கதை ஊட்டியை அடுத்த முத்தோரையில் நடக்கிறது, ஐயா. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கியை, ஊட்டியின் அட்சரேகைக்குப் பொருந்தும் 11 பாகைச் சரிவைத் தேடிப்பிடித்து 530 மீட்டர் நீளத்துக்கு நிறுவினார்கள். 1970 முதல் அது வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சரிவை மேட்டுப்பாளையத்தில் அமைத்துக்கொள்ளுங்கள் என்று அன்று யாரும் சொல்லவில்லை.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல. பதிலை நேரத்தில் தாருங்கள். மறுப்பதானாலும் நேரத்தில் மறுத்துவிடுங்கள்.

பாட்டுக் காட்சிக்கு ஜெனரேட்டர் லாரிகளோடு ஏறிவரும் பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் காத்திருப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நாயகனும் நாயகியும் ஆடிவிட்டு இறங்கிவிடுவார்கள். இந்த மலையில் கேரட் விளைவிக்கும் ஒருவர் அந்தப் படங்களில் வாய் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் படத்தின் நாயகி கேரட் விவசாயி. ஒருவேளை அதுதான் குறையோ என்னவோ. வேற்றுக்கிரகவாசிகள் உண்மையாகவே வந்தாலும், 2024 மே முதல் இங்கே இ-பாஸ் கட்டாயம் என்று மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் செப்டம்பரில் மீண்டும் விண்ணப்பிக்கிறோம். ஆட்கள் ஏழு பேர், ஒரு கேமரா, ஒரு தார்ப்பாய், ஜெனரேட்டர் கிடையாது. நவம்பர் முடிவதற்குள் ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படக்குழுவினர் சார்பில்,
ஊட்டிக்காரன் ஒருவன்