'எ' விட்டுப்போன வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கிலீஷ் வகுப்பில் நீ எழுதிய பக்கத்தை மெல்போர்னிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது.

'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதியிருக்கிறாய். தமிழில் தகவல்கள், அறிவுரைகள் என்று சொல்லிப் பழகியதால் வருகிற பிழை இது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் எதற்கும் கடைசியில் எஸ் போடாதே. எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுது. நியூஸில் எஸ் இருந்தாலும் அது ஒருமைதான், 'தி நியூஸ் இஸ் குட்'. 'மெனி வொர்க்ஸ் அட் ஹோம்' என்பதையும் 'எ லாட் ஆஃப் வொர்க்' என்று மாற்று. வீட்டு வேலை முழுக்க உன் தலையில்தானா? மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை அதிகமாக இருக்கும், சரி.

சமைக்கும்போதே பழகிக்கொள். எக், ஆனியன் எல்லாம் எண்ணலாம், 'ஹவ் மெனி' என்று கேள். ஆயில், ஷுகர், ரைஸுக்கு 'ஹவ் மச்'. பொடிசாக இருப்பதையெல்லாம் எண்ண முடியாது என்று நினைத்துவிடாதே. ரைஸுக்கு எஸ் கிடையாது, பருப்புக்கு மட்டும் லென்டில்ஸ் என்று எஸ் போடுவார்கள். தலைமுடி மொத்தமும் 'ஹேர்', சோற்றில் கிடக்கும் ஒற்றை முடி 'எ ஹேர்'. பழகப் பழகத்தான் வரும். மறுபடியும் சொல்கிறேன், அட்வைஸுக்கு எஸ் போடாதே.

அப்புறம் அந்தக் கடைசி வரி. 'ஐ ஹாவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ் ஹியர்.' எஸ் சரியாகப் போட்டிருக்கிறாய். ஃபியூவுக்கு முன்னால் 'எ' இல்லை. 'எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்' என்றால் பழக நாலு பேர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வெறும் 'ஃபியூ' என்றால் இல்லாத குறைதான். எண்ண முடியாததற்கு லிட்டில் வரும். 'எ லிட்டில் மனி' என்றால் கையில் கொஞ்சம் இருக்கிறது, 'லிட்டில் மனி' என்றால் போதவில்லை. டீச்சர் அந்த வரியைச் சுழிக்கவில்லை. இலக்கணப்படி இரண்டுமே சரி என்பதால் விட்டிருப்பார்.

தமிழ் மீடியத்தில் படித்தாலும் டிக்டேஷனில் ஒரு 'எ', ஒரு 'தி' கூட விட்டதில்லை நீ. அதை நம் தெருவில் சொல்லிக் காட்டாத வீடு கிடையாது. இப்போது அவசரத்தில் விட்டுவிட்டாயோ என்னவோ. கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை போனும் வருவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. உன் அம்மாதான் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். அங்கே நேரம் முந்தியது, நீ தூங்கியிருப்பாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த வரியை நிதானமாகத் திரும்ப எழுதி எனக்கு மட்டும் அனுப்பு. மனி வைத்தும் ஒரு வரி எழுது. 'எ' போட வேண்டுமா வேண்டாமா என்று நீயே யோசித்து எழுது. அம்மாவிடம் காட்டமாட்டேன்.

அன்புடன்,
அப்பா