பிள்ளைகளைத் தெருவில் பழக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரை சிம்மக்கல்லில் சென்ற வாரம் பள்ளி விடும் நேரத்தில், ஏழு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி, நின்றிருந்த ஆட்டோவின் முன்புறமிருந்து சாலைக்குள் ஓடிவர, இருசக்கர வாகனம் ஒன்று அவளது புத்தகப்பையை உரசிக்கொண்டு நின்றது. நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. அவள் மீது குற்றமில்லை. அந்த வயதில் வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சரியாகக் கணிக்க இயலாது. அவள் உயரத்துக்கு ஆட்டோவே ஒரு சுவர்.

முதலில் வலப்புறம், பிறகு இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்த்து, ஓடாமல் நடந்து கடக்க வேண்டும் என்பதையும், நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும் என்பதையும் வகுப்பறைச் சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதாது. பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளைத் தெருவுக்கே அழைத்துச் சென்று, கைபிடித்துப் பலமுறை பழக்க வேண்டும். அவசரத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு குறுக்கே பாய்வதைப் பெரியவர்கள் முதலில் நிறுத்த வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் அதையே கற்றுக்கொள்கிறார்கள்.

சிக்னல் இல்லாத கடவைகளில் நடப்பவருக்கே முன்னுரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. பள்ளிகளின் முன் மங்கிப்போன வெள்ளைக் கோடுகளை மாநகராட்சி உடனே தீட்டித்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை.