பொன் துணிக்கைக்கும் இடம்புரி, வலம்புரி உண்டு

ஆசிரியருக்கு,

நனோ பொன் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை என் உயர்தர மாணவர்கள் வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் மஞ்சளாக மின்னும் அதே பொன், 20 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சிறுத்து நீரில் மிதந்தால் மாணிக்கச் சிவப்பாகத் தெரிவதையும், ஃபரடே 1857இலேயே அதை ஆராய்ந்ததையும் நன்றாக எழுதியிருந்தீர்கள். ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பது துணிக்கையின் அளவுதான் என்று முடித்துவிட்டது சரியில்லை.

அளவைவிட வடிவத்துக்கே கூடுதல் பங்கு. ஒளி பட்டதும் பொன்னின் இலத்திரன்கள் கூட்டாக அலைகின்றன. அந்த அலைவுக்குப் பொருந்தும் நிறம் உறிஞ்சப்படுகிறது. சிறு கோளமென்றால் 520 நனோமீற்றரை அண்டிய பச்சை போய்விடும், மிஞ்சுவது சிவப்பு. அதையே கோலாக வளர்த்தால் உறிஞ்சல் செங்கீழ்க்கதிர் வரை நகரும்.

வடிவத்தை முறுக்கியும் வளர்க்கலாம் என்பதுதான் கட்டுரையில் விடுபட்ட சங்கதி. இடம்புரிச் சங்கை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் வலம்புரி ஆகாது, கண்ணாடியில் மட்டும் ஆகும். அப்படிப்பட்ட பொன் துணிக்கைகளைச் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கி தே நாம் குழுவினர் 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கரைசலில் பொன் வித்துகள் (சிறு தொடக்கப் பளிங்குகள்) வளரும்போது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்க்கிறார்கள். அதன் கந்தகம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். பொன் பளிங்கின் சில முகங்களில் அணுக்கள் படிபடியாக அமைந்திருக்கும். அந்தப் படிகளின் மூலைகளிலேயே இடம், வலம் என்று இரு வகை உண்டு. சிஸ்டீன் ஒரு வகையில் கூடுதலாக ஒட்டுவதால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வளராது, விளிம்புகள் முறுகிக்கொண்டே போகும். எல்-சிஸ்டீனுக்குப் பதில் அதன் கண்ணாடி விம்பமான டி-சிஸ்டீன் போட்டால் முறுக்கு மறுபக்கம். ஒரு நனோமீற்றர்கூட வராத மூலக்கூறு, 150 நனோமீற்றர் பொன் கட்டியைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது!

அதிர்வுத் திசை வட்டமாகச் சுழன்றுகொண்டே போகும் ஒளியிலும் (வட்ட முனைவாக்கிய ஒளி) இடம், வலம் உண்டு. பல முப்பரிமாணப் படங்களுக்குத் தரும் கண்ணாடியின் இரு வில்லைகள் பிரிப்பது இந்த இரண்டையும்தான். முறுகிய பொன், இவ்விரண்டையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. இரண்டும் தடுக்கப்படும் அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுத்தால், சாதாரண சேதனச் சேர்வைகளுக்கு வருவது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே, அதுவும் அநேகமாகக் கழியூதாவில். இதே குழு சிஸ்டீன் அடங்கிய குளூட்டதயோன் என்ற சிறு பெப்தைட்டைக் கொண்டு வளர்த்த முறுகிய பொன்னுக்கு 0.2, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே. இந்த விகிதம் அதிகபட்சம் 2 வரைதான் போகும் என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன எண் அல்ல.

இதை நான் இழுத்து எழுதக் காரணம் உண்டு. ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமான மூலக்கூறுகளை ஒளியியற் சமபகுதியங்கள் என்போம். அது என்றால் 'நான்கு வேறு கூட்டங்கள் இணைந்த காபன்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும், புள்ளியும் விழும். ஆனால் காபன் அணுக்களால் ஆகாத ஒரு உலோகக் கட்டிக்கு இந்த இடம், வலம் இயல்பு வருமா என்று கேட்டேன். முழு வகுப்பும் "வராது சேர்" என்றது. பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். ரியூசன் கொட்டில்களில் வினாத்தாள் செய்து தள்ளுகிற அவசரத்தில் காபனைத் தாண்டி யோசிக்க யார் நேரம் கொடுக்கிறார்கள்?

அடுத்த முறை இந்தப் பக்கத்தில் அந்த இடம், வலம் பொன் துணிக்கைகளின் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் இரண்டையும் அருகருகே போடுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டத் தயாராக இருக்கிறோம். கட்டுரைக்குக் கீழேயே வந்திருந்த 'நனோ கோல்ட்' முகப்பூச்சு விளம்பரத்தைப் பற்றிச் சொல்லவும் நிறைய உண்டு. அதற்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.