பின்னத்தைப் பாதியில் கைவிடாதீர்கள்: கடலோரப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமேசுவரம், பாம்பன் தொடங்கி தொண்டி வரையிலும், தெற்கே ஏர்வாடி, மூக்கையூர் பக்கத்திலும் கணிதம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்களையும் (முழு எண்களின் பின்னமாக எழுதக்கூடியவை) ஒன்பதாம் வகுப்பில் அவற்றின் தசம விரிவையும் நடத்துகிறீர்கள். நாட்டுப்படகுகளுக்குப் பங்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அந்தப் பாடம் குறித்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பின்னம் என்பது அரைகுறை விடை, அதைத் தசமமாக மாற்றினால்தான் கணக்கு முடியும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதை நீங்கள்தான் களைய வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஏலம் முடிந்து, டீசலும் ஐசும் கழித்து, கையில் நிற்பது 18,400 ரூபாய். படகு, வலை, ஆட்கள் எல்லாம் சேர்த்து 7 பங்கு, தொழில் பழகுகிறவருக்கு அரைப் பங்கு, ஆக ஏழரை. ஒரு பங்கு என்பது மொத்தத்தில் 2/15. பள்ளி முடித்த இளைஞரிடம் கொடுத்தால், இரண்டைப் பதினைந்தால் வகுத்து, 0.13 என்று சுருக்கி, அதைத் தொகையோடு பெருக்கி, பங்குக்கு 2,392 ரூபாய் என்பார். அப்படிப் பிரித்தால் யாருக்கும் சேராமல் 460 ரூபாய் மேசையில் கிடக்கும். 2/15 என்றே கடைசி வரை வைத்திருந்து, முடிவில் மட்டும் வகுத்தால், பங்குக்கு 2,453 ரூபாய் 33 காசு வரும். மிஞ்சுவது சில காசுதான்.

0.13 என்பதும் விகிதமுறு எண்தான். ஆனால் அது 13/100, 2/15 இல்லை. 2/15-ஐத் தசமத்தில் எழுதினால் 0.1333… என்று மூன்று ஓயாமல் வரும். ஏன் ஓயாது என்பதைக் கால்குலேட்டர் காட்டாது, கைவகுத்தல் காட்டும். 20-இல் 15 ஒரு முறை, மீதி 5. 50-இல் மூன்று முறை, மீதி மறுபடியும் 5. ஏழால் வகுத்தால் இன்னும் தெளிவு: 1/7-க்கு மீதிகள் 3, 2, 6, 4, 5, 1 என வந்து, ஒன்று திரும்பியதும் 142857 என்ற ஆறு இலக்கமும் முதலிலிருந்து தொடங்கிவிடும். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது என்பதால், பூச்சியம் வராத வரை ஏதோ ஒரு மீதி திரும்பி வந்தே தீர வேண்டும். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, எந்தப் பின்னத்தின் தசமமும் ஒன்று முடியும், இல்லையேல் சுழலும் என்பதை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

எது முடியும், எது சுழலும் என்பதைச் சுருக்கிய பின்னத்தின் பகுதியே, அதாவது கீழே நிற்கும் எண்ணே, சொல்லிவிடும்: 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் முடியாது. நம் முன்னோர் பெயரிட்ட பின்னங்களான கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி ஆகியவற்றை இந்த இடத்தில் வகுப்பில் சொல்லலாம். முந்திரி 1/320, 320-இல் இருப்பவை ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் மட்டுமே, ஆகவே 0.003125 என்று முடிந்துவிடுகிறது. மற்றவையும் அப்படியே. ஆனால் முந்திரிகளை எத்தனை கூட்டினாலும் மூன்றில் ஒன்று சரியாக வராது. அணாக் கணக்கில் அந்தச் சிக்கல் இல்லை: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192 பை என்பதால், மூன்றில் ஒரு பங்கு 5 அணா 4 பை என்று மீதியின்றி வந்தது. 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 பைசா ஆனதும் அதே பங்கு 33 பைசாவாகி, மூவர் பிரித்தால் ஒரு பைசா மிஞ்சியது. எண் மாறவில்லை, அதை எழுதும் அளவுதான் மாறியது.

திரும்பும் வழியையும் காட்டுங்கள். 0.1333…-இன் நூறு மடங்கு 13.333…, பத்து மடங்கு 1.333…, கழித்தால் தொண்ணூறு மடங்கு 12. ஆக 12/90, சுருக்கினால் 2/15.

தேர்வுத் தாளில் விடை 2/15 என்று நின்றால் அதற்கே முழு மதிப்பெண் கொடுங்கள். 0.13 என்று எழுதிய பிள்ளையை அழைத்து, வகுத்தலில் கடைசியாக நின்ற மீதி எவ்வளவு என்று கேளுங்கள்.