நட்சத்திர ஆமையை ஒப்படைக்க ஒரு வழி வேண்டும்

ஒன்றிய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகத்துக்கு,

வணக்கம். நட்சத்திர ஆமையைக் காக்கும் சட்டம் மென்மையானது என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை நான்காம் அட்டவணையிலிருந்து முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் புலிக்கும் யானைக்கும் உள்ள இடம்தான் அதற்கும். பிடித்தாலோ விற்றாலோ வீட்டில் வைத்திருந்தாலோ குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆந்திராவின் ஒரே ஒரு வணிக மையத்துக்காக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அந்த அளவுக்குச் சூறையாடுகிறவர்களுக்கு ஏழு ஆண்டு அதிகமில்லை.

என் கேள்வி வேறு. ஏற்கெனவே வீடுகளுக்குள் கிடக்கும் ஆமைகளை என்ன செய்வது?

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான் இப்போது அதிர்ஷ்டம் வரும் என்று ஆமையை விலைக்கு வாங்குகிறார்கள். (இன்றைய சட்டப்படி ஆமையோடு, கோர்ட் ஊழியரான அமீனாவும் சேர்ந்தேதான் வருவார்.) வாங்கியதும் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார்கள். நட்சத்திர ஆமை வறண்ட புதர்க்காட்டிலும் புல்வெளியிலும் மேய்கிற பிராணி. அதற்கு நீந்தத் தெரியாது. புல்லும் வெயிலும் இல்லாமல் சோறு தின்று வளர்வதில் அதன் எலும்பு வலுவிழக்கிறது, ஓடு மேடும் பள்ளமுமாகப் புடைக்கிறது. இதைப் பார்த்து மனம் கேட்காமல், எப்படியாவது கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போவது?

2022 திருத்தத்தில் 42ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தீர்கள். வைத்திருக்க விருப்பமில்லாதவர் ஏழு வேலை நாள் முன்னறிவிப்போடு தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் விலங்கை ஒப்படைக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு மட்டும்! கடையின் பின்கட்டில் ஆமை வாங்கியவரிடம் சான்றிதழ் ஏது? கையில் ஆமை இருப்பது உறுதியானாலே, அது சட்டவிரோதமாக வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை 57-ஆம் பிரிவு அவர் தலையில் வைக்கிறது. வன அலுவலகத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவது தன் மேல் தானே வழக்குப் பதிவு செய்துகொள்வது போலத்தான். எனவே இருட்டிய பிறகு ஏரிக்கரையிலோ ஊருக்கு வெளியே முட்காட்டிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். ஏரியில் விழுந்தால் அது மூழ்கிச் சாகும். முட்காட்டில் விட்டாலோ, வீட்டில் தொற்றிய நோயை அங்கிருக்கும் ஆமைகளுக்குக் கொடுக்கும். குஜராத், ராஜஸ்தான் பக்கத்து ஆமையும் தென்னிந்திய ஆமையும் மரபணுவால் வேறுபட்டவை; எங்கே பிடித்தது என்றே தெரியாத ஒன்றை எங்கோ விடுவது அந்த வேறுபாட்டையும் குலைக்கும்.

மன்னித்து வாங்கிக்கொள்வது உங்களுக்குப் புதிதல்ல. 2003-இல் வனவிலங்குப் பொருட்களை அறிவிக்க 180 நாள் அவகாசம் தந்தீர்கள். 2020-இல் அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் ஆவணமே கேட்கமாட்டோம் என்றீர்கள். வெளிநாட்டுக் கிளிக்குக் காட்டிய பெருந்தன்மை உள்ளூர் ஆமைக்கு ஏன் கிடையாது?

நான் கேட்பது அவற்றைவிடக் குறைவு. வைத்துக்கொள்ள அனுமதி வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஒன்றிரண்டு ஆமைகளைத் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் மீது குறிப்பிட்ட காலம்வரை வழக்கில்லை என்று மட்டும் அறிவியுங்கள். கடத்தல்காரர்கள் இதில் புகுந்துகொள்வார்கள் என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். விற்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் சும்மா கொடுத்துவிட்டுப் போவதில் கடத்துகிறவனுக்கு என்ன லாபம்? காலக்கெடு முடிந்தபின் பிடிபடுகிறவரிடம் ‘தெரியாது’ என்ற சாக்கும் செல்லாது.

ஒப்படைத்த ஆமைகளை உடனே காட்டில் விட்டுவிடாமல், தனியே வைத்து நோயையும் மரபணுவையும் சோதிக்க இடமும் கால்நடை மருத்துவரும் வேண்டும். செலவுதான். முதல் அட்டவணையில் சேர்த்தபோதே அதை ஏற்றுக்கொண்டோம் என்றுதான் பொருள்.

அறிவிப்பு அரசிதழோடு நின்றுவிட வேண்டாம். தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும், கால்நடை மருத்துவமனைச் சுவர்களிலும் செல்லப்பிராணிக் கடை வாசல்களிலும், எந்த அலுவலகத்தில் யாரிடம் ஒப்படைப்பது என்ற விவரத்தோடு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்