82 ஆட்டமும் வரும் என்று விற்ற தொலைக்காட்சி ஹொக்கி பக்கேஜ்: முறைப்பாடும், கட்டிய காசைத் திருப்பிக் கேட்டலும்

ஸ்காபரோ
2025 யூலை 9

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடை வாசலில் "தமிழிலேயே கதைக்கலாம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் என் அப்பா உங்களிடம் வந்தார். அதனால் இந்த முறைப்பாட்டையும் தமிழிலேயே எழுதுகிறேன். பதிலும் தமிழில், எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் சொன்ன பதில்கள் போதும் போதும் என்றாகிவிட்டது.

போன செப்டெம்பரில் அப்பாவும் நானும் உங்கள் கடைக்கு வந்தோம். அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எங்கள் ஐஸ் ஹொக்கி அணியான ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் விளையாடும் எல்லா ஆட்டமும் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். அதை அவர் உங்கள் ஊழியரிடம் இரண்டு தரம் கேட்டார். "ஐயா, 82 ஆட்டமும் இதில் வரும், ஒன்றும் தவறாது" என்று அந்தத் தம்பி சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அன்று கையில் தந்த துண்டுப் பிரசுரத்திலும் "லீஃப்ஸ் முழு சீசன்" என்றுதான் இருக்கிறது. அதன் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். மாதம் 18 டொலர் மேலதிகமாகக் கட்டி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்து வைத்தார்.

பருவம் தொடங்கிய நாள் 2024 ஒக்டோபர் 9. மொன்றியலில் 1–0 தோல்வி. தோற்றாலும் ஆட்டம் வடிவாக வந்தது, அப்பாவுக்குச் சந்தோசம். சனிக்கிழமை ஆட்டங்களும் வந்தன. இரண்டாவது கிழமைதான் பிரச்சினை தொடங்கியது. ஏழு மணிக்குத் தேநீரும் கையுமாக வந்து உட்கார்ந்தால், சனலில் வேறு ஏதோ இரண்டு அணிகள் விளையாடுகின்றன. திங்கட்கிழமை என்றால் ஒன்றுமே இல்லை. வராத ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் சமையலறை நாட்காட்டியில் அப்பா தன் கையாலேயே சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டுக்கொண்டு வந்தார். ஏப்ரல் மாதம் நான் எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல்.

ஏன் வரவில்லை என்பதை உங்கள் ஆட்கள் ஒருவரும் ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள், இணையம் மெதுவாக இருக்கும் என்றார்கள், ஒருவர் அன்றைக்கு ஆட்டமே இல்லை என்றார். அன்று ஆட்டம் இருந்தது. அப்பா அதை வானொலியில் கேட்டுக்கொண்டு இருந்தார். கடைசியில் காரணத்தை நானே தேடிப் பிடித்தேன். லீஃப்ஸின் ஆட்டங்களில் ஒரு பகுதி நாடு முழுவதற்கும் ஒளிபரப்பாகும். மற்றவை ஒன்ராறியோ பக்கத்துக்கு மட்டும் உரியவை. அந்தப் பிராந்திய ஆட்டங்களை இரண்டு விளையாட்டுச் சனல் குழுமங்கள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. நாடு தழுவிய திங்கள் இரவு ஆட்டங்களோ 2024 இலையுதிர் காலத்தில் இருந்து ஒரு இணையச் சேவைக்குப் போய்விட்டன. நீங்கள் விற்றது ஒரு குழுமத்தின் சனல்கள் மட்டும். இது எனக்கு ஒரு இரவில் விளங்கியது. இதையே தொழிலாகச் செய்கிற உங்களுக்கு செப்டெம்பரில் தெரியாமல் இருந்திருக்க முடியாது. "எல்லா ஆட்டமும் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு இடத்தில் காசு கட்ட வேண்டும்" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் யோசித்து முடிவெடுத்திருப்போம்.

அப்பா 1986இல் கனடாவுக்கு வந்தவர். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. ஆங்கிலம் சரியாக வராத காலத்தில், சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை செய்தவர்களோடு அவரால் கதைக்க முடிந்த ஒரே விசயம் ஹொக்கிதான். 1993 வசந்தத்தை இப்போதும் நேற்று நடந்ததுபோலச் சொல்லுவார். லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸோடு ஆறாவது ஆட்டம், முதல் கோலோடு முடிந்துவிடுகிற ஓவர்டைமில் கிங்ஸின் கிறெற்ஸ்கியின் மட்டை எங்கள் டக் கில்மோரின் நாடியைக் கிழித்தது. நடுவர் தண்டனை கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே கிறெற்ஸ்கி கோல் போட்டார். ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல். அத்தோடு லீஃப்ஸ் வெளியே. அப்பாவின் கோபம் இன்னும் ஆறவில்லை. 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணம் கண்ணில் படாத ஓர் அணியை இத்தனை வருடமாக விடாமல் பிடித்திருக்கிற மனிதர் அவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது கால் சரியாக எடுபடாமல் போன பிறகு, அவரின் வெளியுலகம் பெரும்பாலும் அந்தத் தொலைக்காட்சிதான்.

இந்தப் பருவம் சாதாரணப் பருவமும் இல்லை. ஒஸ்ரன் மத்யூஸ் அணித் தலைவரானார். சென் லூயிஸ் அணிக்கு 2019இல் கிண்ணம் வாங்கிக் கொடுத்த கிறேக் பெரூபே பயிற்சியாளராக வந்தார். முந்தைய வருடம் 69 கோல் போட்ட மத்யூஸ் காயங்களோடு 33 கோலில் நின்றபோதும் அணி சரியவில்லை. நைலாண்டர் 45 கோல், ரவாரெஸ் 38. மிச் மார்னர், போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து, முதல் தடவையாக 100 புள்ளியைத் தாண்டி 102 எடுத்தார். ஏப்ரல் 15 அன்று பஃபலோவில் 4–0 வெற்றியோடு அட்லாண்டிக் பிரிவில் முதலிடம் உறுதியானது. முழு 82 ஆட்டப் பருவம் ஒன்றில் பிரிவு முதலிடம் கிடைத்தது 2000க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அணிக்கு 52 வெற்றி, அட்டவணையில் 108 புள்ளி. இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆட்டங்கள் என் அப்பாவின் கண்ணில் படவே இல்லை. தொழிற்சாலைக்குப் போகும் காரில் அந்தக் காலத்தில் கேட்டதுபோல, மேசையில் வானொலியை வைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். அவருக்கு ஒரு காது மந்தம். "யார் போட்டது?" என்று என்னைக் கேட்பார். நான் கைபேசியைப் பார்த்துச் சொல்லுவேன்.

சரி, பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கிற பிளே ஓஃப் ஆட்டங்கள் எல்லாம் நாடு முழுவதற்கும் ஒளிபரப்பாகும், இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். உங்கள் பெட்டி அங்கேயும் காலை வாரியது.

ஒட்டாவா செனற்றர்ஸோடு முதல் சுற்று, 2004க்குப் பிறகு இரண்டு அணிகளும் பிளே ஓஃபில் சந்தித்த முதல் தடவை. மூன்றாவது ஆட்டம் ஏப்ரல் 24, ஓவர்டைம். எங்கள் வீடு ஒரு சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்கிற வீடு. எங்கள் திரையில் நடுவர் இன்னும் பக்கை, அதாவது அடிக்கிற அந்த ரப்பர் தட்டை, போடவில்லை, இரண்டு அணியும் குனிந்து நிற்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் பெடியன்கள் குதித்துக் கத்துகிறார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "முடிஞ்சுது போல" என்றார். உங்கள் பெட்டியில் படம் பிந்தித்தான் வருகிறது. அரை நிமிசத்துக்குப் பிறகு எங்கள் சைமன் பெனுவா கோல் போடுவதை நாங்கள் முடிவு தெரிந்துகொண்டு பார்த்தோம். ஓவர்டைம் என்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற நேரம். முடிவு சுவர் வழியாக முதலே வந்துவிட்டால் அதில் மிச்சம் என்ன இருக்கிறது?

அதைவிட மோசம் மே 16. புளோரிடா பாந்தர்ஸோடு இரண்டாவது சுற்று, முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் மேலே போவார். முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டு அடுத்த மூன்றையும் தோற்று நிற்கிற நிலை. ஆறாவது ஆட்டம் புளோரிடாவில். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று பீரியட்டில் இரண்டு முடிந்தும் 0–0. மூன்றாவது பீரியட்டில் படம் உறைந்துவிட்டது. திரை நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் கோல் காப்பாளர் ஜோசப் வோல் முழங்காலில் நிற்கிற அந்த ஒரே படம். நான் வயரைக் கழற்றிப் பூட்டினேன், பெட்டியை அணைத்துப் போட்டேன். இணையம் ஒழுங்காக இருந்தது, என் கைபேசி அதே வைஃபையில் ஓடியது. திரும்பி வந்தபோது மேல் மூலையில் 1–0 என்று இருந்தது. மத்யூஸ் போட்டுவிட்டார். அந்தத் தொடரில் அவரின் முதல் கோல், அணியைக் காப்பாற்றிய கோல். கடைசியில் 2–0 என்று வென்றார்கள். அப்பா கை தட்டினார், ஆனால் "நேரே பார்க்கேல்லையே" என்று படுக்கப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மே 18 அன்று நடந்த ஏழாவது ஆட்டம் தடையில்லாமல் வந்தது. அதில் 6–1 என்று தோற்று வெளியேறினார்கள். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, எனக்கும் தெரியும்.

மே 20 அன்று நான் எடுத்த அழைப்புக்கு 47 நிமிடம் காத்திருந்தேன். அடுத்த மாதக் கட்டணத்தில் 20 டொலர் குறைப்பதாகவும், "வாற சீசன் எல்லாம் சரியாகிவிடும், அக்கா" என்றும் சொன்னார்கள். வருகிற பருவத்தில் மிச் மார்னர் இல்லை. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்து ஒன்பது பருவம் ரொறன்ரோவுக்கு விளையாடியவர், இப்போது வேகஸ் அணிக்குப் போய்விட்டார். இந்தச் செய்தி வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "அவன்ர நூறாவது புள்ளியை நான் பார்த்தனானோ?" என்பது. பார்க்கவில்லை. அந்த இரவுக்கும் நாட்காட்டியில் புள்ளடி இருக்கிறது. பழுதான பொருள் என்றால் வேறு ஒன்று மாற்றித் தரலாம். முடிந்த பருவத்தை எப்படி மாற்றித் தருவீர்கள்? எழுபத்தாறு வயது மனிதரிடம் வருகிற வருடம் பார்க்கலாம் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. ஒக்டோபர் தொடக்கம் யூன் வரை ஒன்பது மாதம் ஹொக்கி பக்கேஜுக்குக் கட்டிய 162 டொலர், வரியோடு 183 டொலர் 6 சதம், முழுவதும் திரும்ப வேண்டும். கட்டணத்தில் கழிப்பது வேண்டாம், காசோலையாக வேண்டும். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் 120 டொலர் என்று சொல்கிறீர்கள். சொன்னதைத் தராமல் ஒப்பந்தத்தை முறித்தது நீங்கள். அந்தத் தண்டத்தை நாங்கள் கட்ட மாட்டோம். அதோடு அந்தத் துண்டுப் பிரசுரத்தை நிறுத்துங்கள். போன கிழமைகூடக் கடையில் அதே தாள் அடுக்கி இருந்ததைப் பார்த்தேன். எத்தனை ஆட்டம் வரும், எத்தனை வராது என்று தமிழில் தெளிவாக எழுதிப் போடுங்கள். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகளைப் படிக்க முடியாதவர்கள்தான் உங்களைத் தேடி வருகிறார்கள்.

30 நாளுக்குள் பதில் இல்லையென்றால், தொலைத்தொடர்பு மற்றும் தொலைக்காட்சிச் சேவை முறைப்பாடுகளுக்கான ஆணையத்துக்கு இதையே அனுப்புவேன். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. இந்தக் கடிதம் அதற்கும் சேர்த்துத்தான்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் பனிக்குள் வந்து வயர் மாற்றிய தொழில்நுட்பத் தம்பி நல்ல பிள்ளை. "அன்ரி, இந்தப் பக்கேஜில அந்த ஆட்டங்கள் இல்லை, உங்களுக்குப் பிழையாச் சொல்லியிருக்கினம்" என்று உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். இந்தக் கடிதத்தால் அவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

பெட்டியும் ரிமோட்டும் வயரும் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வருகிறேன். பெற்றுக்கொண்டதாக ரசீது எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
கணக்கு உரிமையாளரின் மகள்

இணைப்பு: துண்டுப் பிரசுரத்தின் படம், ஒன்பது மாதக் கட்டணச் சீட்டுகள், நாட்காட்டிப் பக்கங்களின் படம்